நெல்லை – திருச்செந்தூர் – குமரி சைக்கிள் வட்டம்: பாதையைப் பார்த்துச் சொல்லுங்கள்

தாமிரபரணிக்காரன் | ஜூன் 9, இரவு 9.40

போன மார்கழியில் தனியாக ஓட்டிப் பார்த்த பாதை இது. வருகிற ஜூலை கடைசி ஞாயிற்றுக்கிழமை நாலைந்து பேராகப் போகலாம் என்று இருக்கிறோம். அந்தந்த ஊர்க்காரர்கள் பார்த்துத் திருத்தினால் நல்லது.

பாளையங்கோட்டையில் விடியற்காலை 4 மணிக்குக் கிளம்பி, கிருஷ்ணாபுரம், செய்துங்கநல்லூர், கருங்குளம், ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை, குரும்பூர் வழியாகத் திருச்செந்தூர். இது சுமார் 60 கி.மீ. அங்கிருந்து கடலோரமாக ஆலந்தலை, குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூடங்குளம், செட்டிகுளம், அஞ்சுகிராமம், வட்டக்கோட்டை, கன்னியாகுமரி. இது 90 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும். திரும்பும்போது நான்குவழிச் சாலையில் காவல்கிணறு, பணகுடி, வள்ளியூர், நாங்குநேரி வழியாக நெல்லை, 85 கி.மீ. மொத்தத்தில் 235-ஐ ஒட்டி வரும்.

மேடு என்று சொல்ல எதுவுமே கிடையாது. மார்கழியில் திருச்செந்தூரிலிருந்து குமரி வரை ஒரே மிதி, சராசரி வேகம் மணிக்கு 28 கி.மீ. அவ்வளவு நல்லா ஓட்டுவேன் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜி.பி.எஸ். பாதைக் கோப்பு வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள். எல்லோரும் சரி என்றால் பொதுவிலேயே போட்டுவிடுகிறேன்.

மதுரை மிதி | ஜூன் 9, இரவு 10.15

அருமையான பாதை அண்ணாச்சி. ஆதிச்சநல்லூரில் நிறுத்துவீர்களா? சாலைக்கு ஓரத்திலேயே பறம்பு. தோண்டிய குழிக்கு மேல் கண்ணாடி போட்டு, கீழே முதுமக்கள் தாழிகள் இருந்தது இருந்தபடியே தெரிகிற மாதிரி வைத்திருக்கிறார்கள். 1876-லேயே ஜாகோர் என்கிற ஜெர்மன்காரர் வந்து தோண்டிய இடம். சைக்கிள்காரன் கண்ணில் படாமல் போகக் கூடாது.

தாமிரபரணிக்காரன் | ஜூன் 9, இரவு 10.22

விடியற்காலை 5 மணிக்கு எதைப் பார்ப்பது தம்பி, இருட்டில் தாழியா தெரியும்? அதற்குத் தனியாக ஒரு நாள் போகணும். இங்கிருந்து 25 கி.மீ.கூட இல்லை.

வேளிமலை | ஜூன் 10, காலை 6.05

நாகர்கோவிலிலிருந்து எழுதுகிறேன். பாதை நன்றாக இருக்கிறது. திசைதான் தப்பு.

மார்கழியில் உங்களுக்கு 28 கொடுத்தது உங்கள் கால் இல்லை, வாடைக் காற்று. வடகிழக்கிலிருந்து முதுகில் கை வைத்துத் தள்ளியிருக்கிறது. ஜூலையில் அதே 90 கி.மீ.யை அதே திசையில் ஓட்டிப் பாருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று முகத்துக்கு நேரே இருக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலையைச் சும்மா நட்டு வைக்கவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது நமக்காகச் சொன்னதோ என்னமோ, எங்கள் பக்கத்துக்கு ரொம்பப் பொருந்தும்.

ரெண்டு வருடம் முன்பு ஒரு ஜூலை மாதம் உவரியிலிருந்து குமரிக்கு வந்தேன். 50 கி.மீ.க்கு நாலே கால் மணி நேரம் ஆனது. கூடங்குளம் தாண்டின பிறகு மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிளும் நின்றுவிடும். சின்ன இறக்கத்தில்கூட மிதித்துத்தான் இறங்கினேன். அழுகையே வந்துவிட்டது.

தாமிரபரணிக்காரன் | ஜூன் 10, காலை 7.30

என் ஒரே பெருமையையும் பறித்துவிட்டீர்களே அக்கா.

சரி, அப்படியென்றால் எதிர்ச்சுற்று. நெல்லை, குமரி, திருச்செந்தூர், நெல்லை. கடலோரம் முழுக்கக் காற்று பின்னால் வரும். இது போதுமா?

ரெண்டு சக்கரம் | ஜூன் 10, பகல் 1.10

பாதிக் கணக்குதான் போட்டிருக்கிறீர்கள்.

எதிர்ச்சுற்றில் மூன்று துண்டு இருக்கிறது. முதல் துண்டு நான்குவழிச் சாலையில் தெற்கே போவது. மேற்குக் காற்று வலப்பக்கத்து விலாவில் அடிக்கும். பணகுடியிலிருந்து காவல்கிணறு வரைதான் உயிர்போகும் இடம். ரெண்டாவது துண்டு கடலோரம், அது பரிசு. மூன்றாவது திருச்செந்தூரிலிருந்து மேற்கே நெல்லைக்கு 60 கி.மீ., முழுக்க எதிர்காற்று. அதுவும் 175 கி.மீ. ஓட்டின காலோடு, சாயங்காலம்.

நேர்ச்சுற்றென்றால் எதிர்காற்று 90 கி.மீ., எதிர்ச்சுற்றென்றால் 60 கி.மீ. வட்டமாகச் சுற்றினால் காற்றுக் கடனை எங்கேயாவது கட்டித்தான் ஆகணும். தப்பிக்க ஒரே வழி வட்டத்தை வெட்டுவது. திருச்செந்தூரில் சைக்கிளை ரயிலில் ஏற்றிவிட்டு நெல்லைக்கு வந்துவிடுங்கள். லக்கேஜாகப் பதிவு செய்து ஏற்றணும், கடைசி நிமிடத்தில் ஓடக் கூடாது. முன்கூட்டியே ஸ்டேஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒன்று. 200 கி.மீ. பிரவே என்கிற நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் தருகிறார்கள், மணிக்கு 15-க்குக் கொஞ்சம் குறைவு. கேட்க எளிதாக இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள்தான் டீ, பஞ்சர், படம் எடுப்பது, கோயில் எல்லாம். எதிர்காற்றில் நிஜ வேகம் 14-க்கு வந்துவிட்டால் மிச்சம் பிடிக்க ஒன்றுமே இருக்காது.

சும்மா ஓட்டுறவன் | ஜூன் 10, மாலை 6.45

நானும் வரலாமா? என்னிடம் கியர் இல்லாத சாதா சைக்கிள்தான். பின்னால் கேரியர், ஸ்டாண்டு, மணி எல்லாம் உண்டு. அதிகபட்சம் 70 கி.மீ. போயிருக்கிறேன். சாத்தான்குளத்துக்காரன்.

மதுரை மிதி | ஜூன் 10, மாலை 7.00

கேரியரோடவா? அதில் எங்களையும் உட்கார வைத்து மிதிக்கப் போகிறீர்களா?

ரெண்டு சக்கரம் | ஜூன் 10, மாலை 7.20

கேலி வேண்டாம். அகல டயர் போட்ட கனமான சைக்கிள் அந்தக் கடலோரத்துக்கு மோசமில்லை. 235 மட்டும் வேண்டாம் தம்பி. சாத்தான்குளம் என்றால் உவரியில் எங்களோடு சேர்ந்துகொண்டு திருச்செந்தூர் வரை வாருங்கள். முப்பது வருடப் பழைய சைக்கிளில் தினமும் 40 கி.மீ. போய் மீன் விற்றவர்களைப் பார்த்த ரோடு அது.

கடலோரத்தான் | ஜூன் 11, இரவு 11.30

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். மணப்பாட்டுக்கும் உவரிக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் எனது. ஊர் பெயர் வேண்டாம். அப்பா இப்போதும் கடலுக்குப் போகிறார்.

முதலில் காற்று. வேளிமலை அக்கா மேல்காற்று என்று சொன்னதை நாங்கள் கச்சான் என்போம். கிழக்கேயிருந்து வந்தால் கொண்டல், வடக்கேயிருந்து வந்தால் வாடை, தெற்கேயிருந்து வந்தால் சோழகம். நீங்கள் கைப்பேசியில் வேகம் பார்ப்பீர்கள், நாங்கள் எந்தக் காற்று என்றுதான் முதலில் கேட்போம். கச்சான் நாளெல்லாம் ஒரே மாதிரி வீசாது. விடியும் முன்பு அசந்து கிடக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். பதினொன்றிலிருந்து நாலு மணி வரைதான் அதன் ஆட்டம். அதனால் காவல்கிணறைக் காலை ஏழுக்குள் தாண்டிவிடுங்கள். குமரியிலிருந்து கிளம்பும் நேரத்தில் காற்று ஏறத் தொடங்கினால் உங்களுக்கு லாபம்.

அடுத்தது கொஞ்சம் கசப்பாக இருக்கும். இந்தப் பாதைக் கோப்பைப் பொதுவில் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. போன வருடம் ஒரு கூட்டம் எங்கள் தெருவுக்குள் வந்தது. கருவாடு காயப்போட்ட பாயை ஒட்டி சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வலை பின்னிக்கொண்டிருந்தவர்களைக் கேட்காமல் படம் பிடித்தார்கள். தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்த பெண்களையும். ஒருத்தர் ‘இப்படியே திரும்பிப் பாருங்கம்மா’ என்று இயக்குநர் மாதிரி கையைக் காட்டினார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் பூசை நேரத்தில், தொடையோடு ஒட்டின கால்சட்டையில் கோயிலுக்குள் நுழைந்தார்கள். யாரும் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அடுத்த கூட்டம் வந்தபோது கடையில் தண்ணீர் கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீர் இருந்தது.

உங்களுக்கு அது அழகான ரோடு. எங்களுக்கு அது முற்றம்.

தாமிரபரணிக்காரன் | ஜூன் 12, காலை 5.50

இரவே வாசித்தேன். உடனே பதில் எழுத மனம் வரவில்லை. மார்கழியில் நானும் பெரியதாழையில் வலைக்காரர்களைக் கேட்காமல் ரெண்டு படம் எடுத்திருந்தேன். அழித்துவிட்டேன்.

எந்த ஊரில் உள்ளே வரலாம், எங்கே பெரிய ரோட்டோடு போய்விட வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள். கோப்பை அதன்படி மாற்றுகிறேன்.

கடலோரத்தான் | ஜூன் 12, இரவு 10.05

மணப்பாடு வரலாம், வரணும். திருச்சிலுவைக் கோயில் மணல்மேட்டின் உச்சியில் நிற்கிறது, 1581-இல் கட்டியது. பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தபோது தங்கிய குகை அந்த மேட்டின் அடியில் கடலைப் பார்த்து இருக்கிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருமேனி ஆற்றுக் கழிமுகம். மேட்டுக்குக் கீழேயே சைக்கிளை விட்டுவிட்டு, ஒரு லுங்கியோ பேன்டோ மேலே மாட்டிக்கொண்டு ஏறுங்கள். செப்டம்பர் 14 திருவிழா நாளில் மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள், சைக்கிள் நகராது.

உவரியில் கப்பல் மாதா கோயில் ரோட்டிலிருந்து பக்கம். கப்பல் வடிவத்தில் கட்டியிருப்பார்கள், மேலே ஒரு ஆகாய விமானமும் நிற்கும். கொஞ்ச தூரத்தில் சுயம்புலிங்க சுவாமி கோயில். ரெண்டு இடத்திலும் வெளியூர்க்காரர்கள் வந்துபோய்ப் பழக்கம், அதனால் சங்கடமில்லை. தண்ணீர், டீ, சாப்பாடு எல்லாம் கிடைக்கும். மற்ற ஊர்களில் பெரிய ரோட்டோடு போங்கள். கருவாடு ரோட்டோரத்திலேயே காயும், அதன் மேல் ஏற்றாதீர்கள்.

கூடங்குளத்தில் அணுமின் நிலையம் தெரிகிற மாதிரி படம் எடுக்க நிற்காதீர்கள். விசாரணை என்று அரைநாள் போய்விடும். குலசையில் ராக்கெட் ஏவுதள வேலையும், கல்லாமொழிப் பக்கம் அனல்மின் நிலையமும் இருப்பதால் டிப்பர் லாரிகள் வரும். திருச்செந்தூருக்கு முன்னால் உள்ள அந்தக் கடைசி 15 கி.மீ.யில் ஒற்றை வரிசையில் போங்கள்.

வேளிமலை | ஜூன் 13, காலை 6.20

கடலோரத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெண்கள் வந்தால் கழிவறைக் கணக்கு முக்கியம். நான்குவழிச் சாலையில் பெட்ரோல் பங்குகள் உண்டு. குமரியில் கவலையில்லை. செட்டிகுளம் தாண்டினால் உவரி வரை நம்பிக்கையான இடம் குறைவு. ஆண்கள் போடும் பாதைகளில் இது எப்போதும் விட்டுப்போகும்.

அப்புறம் உடைமுள். ரோட்டோரம் முழுக்க உடைமரம்தான். ஓரமாக ஒதுங்கி நின்றாலே டயரில் ஏறிவிடும். 25 மி.மீ. டயர் வேண்டாம், 28-க்கு மேல் போடுங்கள். ஆளுக்கு ரெண்டு டியூப்.

மதுரை மிதி | ஜூன் 13, காலை 9.00

சாப்பாட்டைப் பற்றி யாருமே பேசவில்லையே! உடன்குடிப் பக்கம் போய்விட்டுக் கருப்பட்டிக் காபி குடிக்காமல் வருவதா? புவிசார் குறியீடு வாங்கின கருப்பட்டி. திருச்செந்தூரில் சில்லுக்கருப்பட்டி. சட்டைப்பைக்குள் பத்து சில்லு இருந்தால் அந்த இறக்குமதி ஜெல் பாக்கெட் எதற்கு? ஒரு பாக்கெட் விலையில் கால் கிலோ வாங்கலாம்.

ரெண்டு சக்கரம் | ஜூன் 13, காலை 9.40

இதை நான் ஒத்துக்கொள்கிறேன். 400 கி.மீ. பிரவேயில் பாதி தூரம் சில்லுக்கருப்பட்டியிலேயே ஓட்டியிருக்கிறேன். சுக்கு சேர்ந்ததால் வயிறும் கெடாது. வியர்வையில் கரைந்து சட்டைப்பை பிசுபிசுக்கும், அது ஒன்றுதான். உப்புக்குத் தனியாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி மட்டும் போதாது.

தாமிரபரணிக்காரன் | ஜூலை 29, இரவு 8.30

போய்விட்டு வந்தாயிற்று. கை இன்னும் மரத்துப்போய்த்தான் இருக்கிறது, தட்டச்சுப் பிழை இருந்தால் மன்னியுங்கள்.

நெல்லையிலிருந்து நாலு பேர். மூன்றே காலுக்குக் கிளம்பினோம். நாங்குநேரி வரை காற்று இருப்பதே தெரியவில்லை. வள்ளியூரில் டீ. பணகுடி தாண்டும்போது மணி ஆறரை, அங்கேதான் முதல் அடி. நேரான ரோட்டில் சைக்கிளை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் நேராகப் போக முடிந்தது. அதுகூடப் பழகிவிட்டது. பயமுறுத்தியது லாரிதான். வலப்பக்கத்தில் லாரி முந்தும் அந்த ரெண்டு நொடி காற்று சட்டென்று நின்றுவிடுகிறது. சாய்ந்திருந்த சைக்கிள் லாரி பக்கமாகவே போகிறது. லாரி போனதும் மொத்தக் காற்றும் ஒரேயடியாக வந்து இடப்பக்கம் தள்ளுகிறது. மூன்றாவது லாரியில் மதுரை மிதி ரோட்டை விட்டே இறங்கிவிட்டார். விழவில்லை. அதன்பிறகு லாரிச் சத்தம் கேட்டாலே வேகத்தைக் குறைத்து, கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்துகொண்டோம். அடுத்த முறை இன்னும் அரை மணி நேரம் முன்னால் கிளம்பணும். கடலோரத்தான் சொன்ன ஏழு மணிக் கணக்கு இந்த மாதத்துக்குக் கொஞ்சம் தாராளம்.

குமரியில் வேளிமலை அக்கா இட்லிப் பொட்டலத்தோடு வந்து சேர்ந்துகொண்டார். கிளம்பும்போது எட்டே முக்கால்.

அதன்பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? வட்டக்கோட்டை தாண்டி அஞ்சுகிராமத்தில் கிழக்கே திரும்பினதும் காதில் இருந்த இரைச்சல் அப்படியே அடங்கிப்போனது. காற்று நின்றுவிட்டது என்று நினைத்தேன். வேகமானியில் 34. காற்றோடு காற்றாகப் போவதால் சத்தமே இல்லை. சங்கிலி ஓடுவதும் டயர் உருளுவதும் மட்டும் கேட்டது. ரெண்டு பக்கமும் பனை, ஓலையெல்லாம் நாங்கள் போகிற திசையிலேயே நீட்டிக்கொண்டு நின்றது. உவரி வரும்போது மணி பத்தே முக்கால். மார்கழியில் கிடைத்த 28 இதன் கால்தூசுக்குக் காணாது.

உவரியில் சாத்தான்குளத்துத் தம்பி சொன்னபடி காத்திருந்தார். கப்பல் மாதா கோயிலில் லுங்கி கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு வந்தோம். பெரியதாழைக்கு முன்னால் ரோட்டில் மணல் ஏறிக் கிடந்தது, இறங்கித் தள்ளினோம். தம்பி மட்டும் அகல டயரில் மணி அடித்துக்கொண்டே மணல் மேல் போனார்.

எனக்கு அங்கேயே பஞ்சர். டியூப் மாற்றி ஒரு கி.மீ. போனதும் மறுபடியும் பஞ்சர். டயருக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் புது டியூபைப் போட்ட முட்டாள்தனம். முள் முனை உள்ளேயே ஒடிந்து கிடந்தது. அனுபவசாலி என்று இழை தொடங்கினவன் நான்.

மணப்பாட்டில் மேட்டு மேல் ஏறி நின்றால் காற்று ஆளையே தள்ளுகிறது. குகைக்குள் மட்டும் சத்தமில்லை. குலசையில் கருப்பட்டிக் காபி, ஆளுக்கு ரெண்டு. திருச்செந்தூர் வந்தபோது ரெண்டரை.

அங்கே மூன்று பேர் ரயிலுக்குப் போய்விட்டார்கள். அக்காவைக் கூட்டிப்போக வண்டி வந்திருந்தது. எனக்கு மட்டும் வட்டத்தை முடித்துவிடணும் என்று வீம்பு. குரும்பூர் வரை சமாளித்தேன். அப்புறம் கடம்பாகுளம், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி என்று ஒவ்வொரு ஊராக எண்ணிக்கொண்டு மணிக்கு 13-இல் வந்தேன். வாழைத் தோட்டங்களில் இலையெல்லாம் நார்நாராகக் கிழிந்து என்னைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. புதுக்குடியில் ஒரு பெட்டிக்கடைக்காரர் ‘ஏன் அண்ணாச்சி, பஸ்ஸுக்குக் காசு இல்லையா?’ என்று நிஜமாகவே கேட்டார். வீடு சேர எட்டு மணி. ரெண்டு சக்கரம் சொன்ன ரயிலே சரி.

ரெண்டு சக்கரம் | ஜூலை 29, இரவு 8.55

கடைசிப் பத்தியைப் படித்து அரை மணி நேரம் சிரித்தேன்.

கோப்பைப் பொதுவில் போடும்போது மாதத்தையும் சேர்த்துப் போடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை குமரியிலிருந்து திருச்செந்தூர், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை திருச்செந்தூரிலிருந்து குமரி. ரெண்டு கோப்பு. ஒரே கோப்பாகப் போட்டால் யாராவது அப்பாவி தலைகீழாகப் போய் மாட்டிக்கொள்வான்.

வேளிமலை | ஜூலை 29, இரவு 9.30

அந்தச் சத்தம் அடங்குகிற இடத்தை நன்றாகச் சொன்னீர்கள். நான் அதற்காகத்தான் வருடா வருடம் போகிறேன்.

கடலோரத்தான் | ஜூலை 30, இரவு 11.10

நீங்கள் போனதைப் பார்த்தேன். பெட்டிக்கடை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், பேசத் தயக்கமாக இருந்தது. அஞ்சு பேர் ஒற்றை வரிசை, பின்னால் மணி அடித்துக்கொண்டு ஒருத்தர். சரியா?

கோப்பைப் போடுங்கள். உவரி, மணப்பாடு தவிர மற்ற ஊர்களில் பெரிய ரோடு என்று மட்டும் மறக்காமல் எழுதுங்கள்.

தை மாதம் பொங்கல் கழிந்து வாருங்கள். வாடை இருக்கும், திருச்செந்தூரிலிருந்து தெற்கே இறங்கலாம். பனங்கிழங்கு பிடுங்குகிற நேரம். எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினால் அவித்துத் தருவோம், போகும்போது ஆளுக்கு ஒரு கட்டு கொடுத்து விடுவோம். ஆனால் அதை நீங்கள் ஓட்டுகிற அந்த ஒல்லிச் சைக்கிளில் எங்கே வைப்பீர்கள் என்றுதான் தெரியவில்லை.

சும்மா ஓட்டுறவன் | ஜூலை 31, காலை 5.15

என்னிடம் கேரியர் இருக்கிறது அண்ணாச்சி.